பழமண்டிக்காரர் கடித்த பேரிக்காய்

எதிர்னே நகரம்,
செவ்வாய்க்கிழமை காலை

கடலைக் கட்டிக்கொண்டு கரையை மறந்த என் அன்பு மருமகன் லெவெந்துக்கு, உன் ஒரே தாய்மாமனும், ஓய்வு பெற்ற ரயில் நிலைய அதிகாரியும், இன்றைய நிலவரப்படி பால்கன் பிரதேசம் முழுவதற்கும் தலைசிறந்த சோப்புச் சிற்பியுமான நுஸ்ரெத் எழுதுவது. உன் கப்பலின் இயந்திரமும் அதற்கு எண்ணெய் விடும் நீயும் தேக சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே நான், உன் அம்மா, பூனை மூவரும் சுகம். பூனைக்கு மட்டும் வயிற்றுப் பக்கம் கொஞ்சம் முடி குறைவு. காரணம் பின்னால் வரும், பதறாதே.

நீ போன வாரம் துறைமுகத்திலிருந்து போன் செய்து சொன்னதை நான் மறக்கவில்லை. கெஷானிலிருந்து ஒரு பல் டாக்டர் குடும்பம் வெள்ளிக்கிழமை நிஹானைப் பெண் கேட்க வருகிறது, நீ கரை சேர இன்னும் ஒரு மாதம் ஆகும், அதற்குள் நானும் உன் அம்மாவும் முந்திக்கொண்டு போய்க் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் நீ இனி கரைக்கே வரப்போவதில்லை என்றாய். கூடவே, "மாமா, கேக்கறதோட நிறுத்திக்கோங்க, சாமர்த்தியம் எதுவும் காட்டிடாதீங்க" என்றும் சொன்னாய். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் அலைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்.

பெண் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? உன் அம்மா பக்லாவா இனிப்பு வாங்கினாள். பக்லாவா யார்தான் வாங்கமாட்டார்கள், அந்தப் பல் டாக்டரும்தான் வாங்குவான், தன் தொழிலுக்கு ஆள் சேர்க்க. நம் ஊரில் மணப்பெண்ணின் பெட்டியில் என்ன வைப்பார்கள்? பழச்சோப்புக் கூடை, அசல் பழம் மாதிரியே உருட்டி வர்ணம் பூசிய சோப்புகள். அதைக் கடையில் வாங்குவது மற்றவர்கள் வழக்கம். உன் மாமன் தன் கையாலேயே செய்தான். ஓய்வு பெற்ற பிறகு என்னை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் உன் அம்மா நகராட்சியின் சோப்பு வகுப்பில் சேர்த்துவிட்டாள் அல்லவா, அங்கே பெண்கள் கூட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு மீசையாக நான் உட்கார்ந்து, ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் துருவி, பன்னீரும் கஸ்தூரி வாசனையும் விட்டு, ரொட்டி மாவு மாதிரிப் பிசைந்து, உருட்டி, காயவைத்து, வர்ணம் பூசக் கற்றுக்கொண்டேன். என் முதல் ஆப்பிளைத் துர்கான் டீச்சர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நுஸ்ரெத் அண்ணே, இது ஆப்பிளா, இல்ல கெட்ட சேதி கேட்ட கத்தரிக்காயா?" என்று கேட்டாள். மொத்த வகுப்பும் சிரித்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த ஊர் என் பழத்தைக் கடிக்காமல் நான் சாவதில்லை என்று.

அதன்பிறகு நான் அடைந்த வளர்ச்சியை நானே சொன்னால் தற்பெருமை என்பாய், ஆனால் வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, நான் என்ன செய்ய. ஜன்னலில் காயவைத்த என் ஆப்பிள்களைக் குளவிகள் நாள் முழுக்கக் குடைந்துவிட்டு, சாயங்காலம் வாயில் குமிழி விட்டுக்கொண்டே தள்ளாடிப் பறந்தன. பீச் பழத்தின் பூமுடிக்காகப் பூனையின் வயிற்றைச் சீவினேன் (காரணம் வந்துவிட்டது பார்), தொட்டால் நிஜப் பழம் கூச்சப்படும். எல்லாவற்றுக்கும் மகுடம் பேரிக்காய். நிஜப் பேரிக்காய் ஒன்றை மாதிரிக்கு வாங்கி எதிரே உட்காரவைத்து, அதன் இடுப்பு வளைவை அளந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பழுப்பு வர்ணம் தெளித்துப் புள்ளி வைத்து, அடியில் ஒரு கிராம்பையும் உச்சியில் நிஜக் காம்பையும் செருகினேன். ஒரு வாரம் மாதிரியையும் சோப்புகளையும் ஒரே மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்துவதற்காக. கடைசி நாளில் திருத்த ஒன்றுமே இல்லை. அவ்வளவு பொருத்தம். ஒன்றை எடுத்துக் கூடையில் வைத்தேன், மற்றதை ஜன்னலோரம் வைத்தேன்.

நேற்று போனோம். வழி முழுக்க உன் அம்மா, "உள்ள நுழைஞ்சதும் சோப்புன்னு சொல்லிடு, நுஸ்ரெத். சொல்லிடு" என்று ஜபம் செய்துகொண்டே வந்தாள். சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. நிஹானின் தகப்பனார் ரிஃபாத் ஐயா யார்? பழமண்டி முதலாளி. இந்த ஊரில் பிறந்தவர், தொட்டிலிலேயே சோப்புப் பழத்தைப் பிடித்து விளையாடியவர், அதோடு லாரி சந்து முனையில் திரும்பும்போதே உள்ளே இருப்பது எந்த ஊர்ப் பழம் என்று மூக்காலேயே சொல்பவர். அப்படிப்பட்டவர் என் கூடையைப் பார்த்துவிட்டு எப்போது உஷாராகிறார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. திராட்சை இலை பரப்பிய கூடையை மேசை நடுவே வைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நிஹான் காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளைக் கோப்பையில் உப்பைப் போட்டுக் கொண்டுவந்து, அவன் முகம் சுளிக்காமல் குடிக்கிறானா என்று பார்க்க வேண்டும் அல்லவா, மாப்பிள்ளைதான் கடலில் இருக்கிறானே, அதனால் அந்தக் கோப்பை உன் பிரதிநிதியான என்னிடம் வந்தது. மருமகனே, நீ மிதந்துகொண்டிருக்கும் கடலில் இப்போது உப்பே இருக்காது, எல்லாம் அந்தக் கோப்பைக்கு வந்துவிட்டது. ஒரே மூச்சில் குடித்தேன். சிரித்தேன். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டியது. அந்தத் தண்ணீர்த் திரை வழியாகத்தான் பார்க்கிறேன், ரிஃபாத் ஐயா தன் காபியைக் கீழே வைத்துவிட்டு, கூடையிலிருந்து என் பேரிக்காயை எடுக்கிறார், முகர்கிறார், கடிக்கிறார்!

உன் அம்மா மேசைக்கு அடியில் என் முழங்கால் எலும்பை உதைத்தாள், இன்னும் நீலமாக இருக்கிறது. ரிஃபாத் ஐயாவின் தாடை பாதியில் நின்றது. கண்ணை மூடினார். மீசை ஓரத்தில் நுரை தெரிந்தது. சுவர்க் கடிகாரமே நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். நான் மனதுக்குள் உனக்கு ஒரு நல்ல கப்பல்காரப் பெண்ணாகத் தேட ஆரம்பித்துவிட்டேன். அந்த மகா மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மறுபடி மென்றார். தோற்றுப்போனேன் என்று சொல்ல மண்டிக்காரர் மானம் விடவில்லை! கடைசித் துண்டு வரை மென்று விழுங்கிவிட்டு, மிச்சமிருந்த நடுத்துணுக்கைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். சாட்சியத்தை மறைக்கிறாராம். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"நுஸ்ரெத் ஐயா, நான் பழத்துலயே பொறந்து பழத்துலயே வளர்ந்தவன். இப்படி ஒரு பேரிக்காயை என் நாக்கு பாத்ததில்ல. இது எங்கேருந்து வருது?"

எப்பேர்ப்பட்ட கௌரவம்! நானும் குரலைத் தாழ்த்தி, "அது உங்களுக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும். ஊருக்கு எதுக்கு?" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மண்டியில ஒருத்தன் காதுக்கும் போகக் கூடாது."

"சம்பந்தி ஆயிட்டா அது குடும்ப ரகசியம்" என்றேன். எனக்கே என்னைப் பிடித்துப்போன நிமிடம் அது.

"அப்ப என்ன தயக்கம், முறைப்படி பொண்ணு கேளுங்க" என்றார். நான் எழுந்து நின்று, இறைவன் கட்டளைப்படியும் நபியின் வாக்குப்படியும் உங்கள் மகளை எங்கள் லெவெந்துக்குக் கேட்கிறோம் என்று, ரயில் புறப்பாடு அறிவிக்கும் என் பழைய குரலில் கேட்டேன். தெருவில் இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். "கொடுத்தோம்" என்றார் அவர். உன் அம்மா அழுதாள், நிஹானின் அம்மா அழுதாள், நான் முன்பிருந்தே அழுதுகொண்டிருந்தேன். புறப்படும்போது நிஹான் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டே, காபி எப்படி மாமா என்று கேட்டாள். தேன் மாதிரி இருந்ததும்மா என்றேன். "அப்ப ஊத்தி வைக்கிறேன், உங்க மருமகனுக்கும்" என்றாள். உனக்கேற்றவள்தான்.

ஆகவே, மருமகனே, நிமிர்ந்து நட. பல் டாக்டருக்கு வேறு பல் கிடைக்கும். நிச்சயத்தன்று உங்கள் இருவர் மோதிரத்தையும் சிவப்பு நாடாவால் கட்டி, நாடாவை வெட்ட வேண்டியதுதான் பாக்கி. பழம் அறிந்தவர்களுக்கெல்லாம் பெரியவரே கடித்து விழுங்கிய கலைஞனின் மருமகன் என்று கப்பலில் எல்லோரிடமும் சொல்லிக்கொள். போகிற துறைமுகமெல்லாம் உனக்கு அமைதியான தண்ணீரும் சூடான சூப்பும் கிடைக்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமன்
நுஸ்ரெத்

பின்குறிப்பு: உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன், தாளில் ஈரம் இருந்தால் அது எச்சில் அல்ல, சோப்பு. கடிதத்தை ஒட்டி முடித்த சந்தோஷத்தில், ஜன்னலோரம் இருந்த மாதிரிப் பேரிக்காயை எடுத்து ஒரு பெரிய கடியாகக் கடித்தேன். அது மாதிரி இல்லை. கிராம்பு இன்னும் பல்லிடுக்கில் இருக்கிறது. நுரை வரவர எனக்கு எல்லாம் விளங்கியது. ரிஃபாத் ஐயா தின்றது நிஜப் பழம். கூடை நிறைய இருந்ததில் அந்த ஒன்றை மட்டும் எடுத்தாரே, மண்டிக்காரர் மூக்கை நான் குறைத்து எடை போட்டுவிட்டேன். மீசையில் இருந்தது காபி நுரை. ஒரு வாரம் பன்னீருக்கும் கஸ்தூரிக்கும் நடுவே படுத்திருந்த பழம், நாக்கு பார்த்திராத ருசியாகத்தானே இருக்கும். சற்று முன் அவரே போன் செய்தார். பல் டாக்டர் குடும்பத்தாரிடம் இனி வர வேண்டாம் என்று சொல்லியாயிற்றாம். கைக்குட்டையிலிருந்த விதைகளைப் பிரித்துப் பார்த்தும் என்ன ரகம் என்று பிடிபடவில்லையாம், ஞாயிற்றுக்கிழமை லாரியோடு வருகிறாராம், நம் ரகசியப் பேரிக்காய்த் தோட்டத்தைப் பார்க்க. அந்தப் பழத்தை நான் அவர் கடையில்தான் வாங்கினேன், லெவெந்த். கப்பலை எப்படியாவது வேகமாக ஓட்டு. நான் என்னால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறேன், போனை வைத்ததும் அவர் கடைக்கே ஓடிப்போய் ஒரு கூடை பேரிக்காய் வாங்கிவந்து சோப்புப் பெட்டியில் படுக்க வைத்துவிட்டேன். எடை போடும்போது அவருக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை. "உங்க தோட்டத்துப் பழத்துக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு பழமா, சம்பந்தி?" என்றார்.