எருமை கன்று போட்டிருக்கிறது, இருப்பினும்...

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் எருமை கன்று போட்டால் அந்தச் செய்தி மாட்டு டாக்டருக்குத் தெரிவதற்கு முன்பே கலெக்டர் ஆபீசுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு காலம் இருந்தது. நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் மனுக்காரரைப் பார்த்திராதவர்கள்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ப்பக்கம், ஒரு புங்கமரத்தடியில் கலெக்டர் மனு வாங்கும் திங்கட்கிழமைதோறும் உட்கார்ந்து மனு எழுதிக்கொடுத்தவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் அவர், இன்னொன்றில் அட்டையும் காகிதமும், எதிரே குந்தியபடி மாவட்டத்தின் மொத்தக் குறைகளும்.

அவரிடம் ஒரு கோளாறு உண்டு. ஒரு நல்ல சேதி சொன்னால்தான் பேனாவைத் திறப்பார்.

"குறைய அப்புறம் சொல்லும்மா. வீட்ல இன்னா நல்ல சேதி?"

"நல்ல சேதி இருந்தா நான் ஏன் சாமி இந்த வெயில்ல பஸ் ஏறி வரேன்?"

"இருக்கும், தேடிப் பாரு. அதுக்குள்ள அடுத்த ஆளு வரட்டும்."

அந்த அம்மாள் மரத்தில் சாய்ந்து நின்று முகத்தைச் சுளித்துக்கொண்டு தேடுவாள். கடைசியில், "எருமை கன்னு போட்டுச்சு. கெடேரி" என்பாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

"பாத்தியா! இத்த வெச்சிக்கினா ஒண்ணியும் இல்லன்னு சொன்ன?"

மனு இப்படித் தொடங்கும்: 'ஐயா, எங்கள் எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. இருப்பினும், நிலத்தின் பட்டா இன்னும் என் பெயருக்கு மாறவில்லை.'

நல்ல சேதிக்குப் பச்சை மை. 'இருப்பினும்' தொடங்கி நீல மை. பச்சை மை பெரிய அதிகாரிகளுக்கு உரியது என்பதால், ஒருநாள் மரத்தடிக்கே ஆபீசிலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார்.

"பச்சையில அதிகாரிங்கதான் எழுதணும்னு தெரியாதா உங்களுக்கு?"

"நல்லா தெரியும். அவங்க நல்ல சேதி எழுத ஆரம்பிக்கட்டும், நான் நிறுத்திக்கிறேன்."

விசாரிக்க வந்தவர் அடுத்த திங்கட்கிழமையும் வந்தார். தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லத்தான். எழுத மனுவே இல்லை அவரிடம்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன். அந்தப் பழக்கத்தைச் சம்பளம் இல்லாமல் வீட்டிலும் தொடர்கிறவன். "எங்க வீட்டுக்காரரு சாப்பாட்ட சாப்பிட மாட்டாரு, திருத்துவாரு" என்று என் மனைவி செல்வி உறவுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள். அதில்கூட எனக்கு ஒரு திருத்தம் இருந்தது.

எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு. குழாய் இருந்தது. திறந்தால் பெருமூச்சு விடும், அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு தடவை தண்ணீர் லாரி வரும். பௌர்ணமி என்றால் அதுவும் இல்லை. ஊரே மலையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது லாரி எந்த வழியாக உள்ளே நுழையும்? பக்கத்துத் தெருவுக்குப் போய் குடம் குடமாகத் தூக்கி வந்தவள் செல்வி. நானும் தூக்கினேன் என்று எழுதத்தான் ஆசை. எனக்கு முதுகுவலி. அது நிஜமான வலி என்று இன்றுவரை நான் ஒருவன் மட்டுமே நம்புகிறேன்.

அப்போதுதான் செல்வி உண்டானாள். பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முதுகுவலியை ஒத்திவைத்துவிட்டு நான் குடம் எடுத்தேன். இரண்டு குடம் எடுத்தால் ஒன்றரைக் குடம் வீடு வந்து சேரும். மீதியை நான் அச்சகத்தில் இருக்கும் நேரம் பார்த்து எனக்குத் தெரியாமல் அவள் தூக்கி வந்தாள். குழந்தை வருவதற்குள் தண்ணீர் வந்தாக வேண்டும். வேறெதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

திங்கட்கிழமை புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னா சார் நல்ல சேதி?"

"ஒண்ணியும் இல்லைங்க."

"வீட்ல?"

"வீட்ல தண்ணியே இல்லைங்க."

"சரி, அரசியல்ல?"

"எங்க கவுன்சிலரம்மாவா? ஓட்டு கேட்டு வந்தப்ப பாத்தது."

"அப்புறம் எப்படி இருக்காங்கன்னு நீங்களாவது போய் விசாரிச்சீங்களா?"

எனக்கு எரிச்சல். "எழுதிக்கங்க. பக்கத்துத் தெருவுல தண்ணி நல்லா வருது. போதுமா?"

அவர் முகம் மலர்ந்தது. 'ஐயா, பக்கத்துத் தெருவில் தண்ணீர் நன்றாக வருகிறது' என்று பச்சையில் எழுதி, இருப்பினும் போட்டு, எங்கள் குழாயின் பெருமூச்சை நீலத்தில் எழுதினார்.

பதில் வந்தது. எங்கிருந்து என்று சொல்ல மாட்டேன். 'தண்ணீர் நன்றாக வருவதாக மனுதாரரே தெரிவித்துள்ளதால் மனு முடித்துவைக்கப்படுகிறது.' பச்சை வரியோடு படிப்பதை நிறுத்திக்கொண்ட புண்ணியவான் யாரோ!

கடிதத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்க் கத்தினேன். "உங்க நல்ல சேதியால என் குடி முழுகிப்போச்சு! எம் பொண்டாட்டி ஆறு மாசம்! இந்த வயித்தோட குடம் தூக்கிக்கினு இருக்கா!"

மனுக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். வரிசையில் இருந்தவர்களும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆறு மாசமா?" என்றார் மெதுவாக. "இத்த வெச்சிக்கினா அன்னிக்கு ஒண்ணியும் இல்லன்னு சொன்னீங்க?"

ஆயிரம் பேர் தப்பைத் திருத்தியவன் அன்றைக்குக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் செய்ததை நம்ப முடியவில்லை. திங்கட்கிழமை காலை, வரிசையில் ஆள் நிற்கும்போதே, செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "எல்லாரும் நல்ல சேதிய யோசிச்சி வைங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார்.

கவுன்சிலர் வீட்டு வாசலில், வழக்கம்போல, கவுன்சிலரம்மாவின் வீட்டுக்காரர்தான் இருந்தார். "இன்னா விஷயம்? எதுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க."

"அவங்ககிட்ட ஒரு நல்ல சேதி கேக்கணும்."

"எல்லா சேதியும் எனக்குத் தெரியும்."

அதற்குள் அந்த அம்மாளே உள்ளே இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எங்கிட்டயா கேக்கறீங்க?" என்றார். பதவிக்கு வந்து இத்தனை நாளில் அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்து, வெட்கத்தோடு சொன்னார்: "ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்கினேன். நேத்து தனியா மெயின் ரோடு வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன்."

"எப்ப?" என்றார் எல்லாச் சேதியும் தெரிந்தவர்.

மனுக்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்து எழுதினார். 'அம்மா, தாங்கள் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஒரு குழந்தை பிறக்கப்போகிறது. இருப்பினும், அந்த வீட்டுக் குழாயில் காற்று மட்டுமே வருகிறது.'

கவுன்சிலரம்மா முதல் வரியை மூன்று தடவை படித்தார்.

மறுநாள் காலை எங்கள் தெருவுக்கு ஸ்கூட்டி வந்தது, இரண்டு காலும் இரண்டு பக்கமும் தரையைத் தேய்த்துக்கொண்டு. தண்ணீர் திறந்துவிடுகிறவரையும் வரச்சொல்லியிருந்தார். தெரு நடுவில் இருக்கும் வால்வைத் திறந்தால் கடைசி வீடு வரை வந்துவிடும் என்றார் அவர். வால்வு எங்கே? ஒரு கட்சிக் கொடிக்கம்பத்தின் சிமென்ட் மேடைக்கு அடியில். மேடையில் பதித்த கல்லில் கவுன்சிலரம்மா வீட்டுக்காரரின் பெயர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்; எனக்கு இன்னும் தண்ணீர் வேண்டும்.

அந்த அம்மாள் கல்லைப் பார்த்தார், வாசலில் நின்ற செல்வியின் வயிற்றைப் பார்த்தார். "இடிங்க" என்றார்.

மூன்றாம் நாள் குழாய் இருமியது, செம்மண்ணாய்த் துப்பியது, பிறகு தெளிந்து கொட்டியது. குடம் நிரம்பி வழிந்தும் செல்வி மூடவில்லை. "மொதல்ல அவர்கிட்ட போய் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

சொன்னேன். அவர் பச்சையில் எழுதிக்கொண்டார். "இருப்பினும்?" என்றார், நீலப் பேனாவைக் கையில் எடுத்து.

"இருப்பினும் ஒண்ணியும் இல்லைங்க."

பேனாவை மூடிப் பையில் செருகினார். நான் பார்த்து அவர் பச்சையோடு முடித்த மனு அது ஒன்றுதான்.

மகள் பிறந்தாள். அதன் பிறகும் திங்கட்கிழமைகளில் மரத்தடியில் வண்டியை நிறுத்துவேன். "வீட்ல இன்னா? ஊர்ல இன்னா?" என்று கேட்பார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நல்ல சேதி பொறுக்கிக்கொண்டிருப்பேன். குழந்தை குப்புற விழுந்தது, பஸ் ஸ்டாப்புக்குக் கூரை போட்டார்கள், ரசத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு மனுக்களெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போயின. அதில் நல்ல சேதிக்குக் கட்டம் கிடையாது. அவருக்குக் கண்ணும் மங்கியது. அவருடைய பெண் வந்து கீழ்பென்னாத்தூருக்கு அழைத்துப் போய்விட்டாள். புங்கமரத்தடியில் இப்போது பைக்குகள் நிற்கின்றன. கீழ்பென்னாத்தூர் ஒரே பஸ் தூரம். எந்த நாளும் போய்விடலாம் என்பதால் நான் எந்த நாளும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கை தானாக எதையோ பொறுக்குகிறது. திங்கட்கிழமை அதைக் கொட்ட இடமில்லை.

போன வாரம் ஒரு பச்சைப் பேனா வாங்கினேன்.

'ஐயா, என் மகளுக்கு முதல் பல் விழுந்துவிட்டது. கூரைமேல் அவளே எறிந்தாள். கவுன்சிலரம்மா தெருவிளக்கைப் பார்க்க ஸ்கூட்டியில் வந்தார். பின்னால் அவர் வீட்டுக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாயில் தண்ணீர் வருகிறது. இருப்பினும், ஐயா, திங்கட்கிழமைகளில் தங்களைக் காணவில்லை. ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

அவரால் இப்போது படிக்க முடியாது. நான்தான் படித்துக்காட்ட வேண்டும். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஜன்னலோரம் இடம் கிடைத்திருக்கிறது; அதையும் மறக்காமல் பச்சையில் சேர்த்துவிட்டேன்.