வீட்டுச் சுவருக்கு வந்த குஷ்டம்

பிறர் குறையைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்குத் தயாரிப்பே வேண்டாம். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு மணி நேரம் பேசுவேன். இந்தத் திறமை ஒரே ஒரு முறைதான் என் காலை வாரியது. அந்த ஒரு முறையே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

அப்போது நானும் என் மனைவி கலாவும் யாங்கூனில் லத்தா பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் புதிதாகக் குடித்தனம் தொடங்கியிருந்தோம். நான் வேலை பார்த்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் ரேச்சல் என்று ஒரு தோழி. ஊரில் மிச்சமிருக்கும் சில யூதக் குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. யூதர்கள் தங்கள் வேதமான தோராவை வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்து, ஆண்டு முழுவதும் படிப்பார்கள். சேர்ந்து படித்துப் பேச ரேச்சலுக்கு ஆள் போதவில்லை. அதனால் சனிக்கிழமை மாலைகளில் எங்களையெல்லாம் பிடித்து வந்து உட்கார வைத்தாள். (சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள், அவள் அடுப்பு மூட்ட மாட்டாள். முந்தின நாளே போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றிய டீதான் வரும். பாதி ஆறிய அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் மனசு என்னவோ செய்கிறது.)

பௌத்தர், முஸ்லிம், கிறிஸ்தவர், நான் என்று எட்டுப் பேர். பேச்செல்லாம் பர்மியத்தில். விதி ஒன்றுதான்: அந்த வாரப் பகுதியை எடுத்து, நம் காலத்துக் கேள்வி ஒன்றோடு ஒருவர் முடிச்சுப் போட்டுப் பேச வேண்டும். வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விட்டுவிடு என்று வந்த வாரம், மாவ்பியில் தோட்டம் வைத்திருந்த ஒருவர், "எங்க ஊர்ல ஓரத்தை விட்டா ஏழை வர்றதுக்குள்ள பக்கத்துத் தோட்டக்காரன் வந்துடுவான்" என்றார். அதிலிருந்து கிளம்பிய வாக்குவாதம் விளக்கு வைக்கும் நேரம்வரை ஓடியது.

என் முறை வந்தபோது கிடைத்த பகுதி, வீட்டுச் சுவருக்கு வரும் குஷ்டம். சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை கண்டால் கோயில் குருவை அழைக்க வேண்டும். கறை பரவினால் சுரண்டியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். படித்ததும் துள்ளிக் குதித்தேன். ஏனென்றால் எங்கள் படுக்கையறைச் சுவரில் அந்த இரண்டு நிறமும் இருந்தன! மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் ஒரு மாதமாகக் கசிந்துகொண்டிருந்தது. அங்கே டோ கின் மியா என்ற பள்ளி ஆசிரியை, வயதான தன் தாயாரோடு இருந்தார். (வயதில் பெரிய பெண்களின் பெயருக்கு முன்னால் 'டோ' போடுவது இங்கே மரியாதை. அன்று நான் போட்டது அது மட்டும்தான்.)

சனிக்கிழமை வெளுத்து வாங்கினேன். இந்தக் குஷ்டம் கஞ்சனின் வீட்டுக்குத்தான் வரும் என்று பழைய உரைகாரர்கள் சொல்கிறார்கள். அண்டை வீட்டார் ஒரு சாமான் கேட்டால் வைத்துக்கொண்டே இல்லை என்பானாம். குரு வருமுன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே, அப்போது எல்லாம் தெருவுக்கு வந்து குட்டு வெளிப்படுமாம். "அடுத்த வீட்டு வைஃபை பெயர் தெரிகிறது, அடுத்த வீட்டாரின் கஷ்டம் தெரிகிறதா?" என்று கர்ஜித்து, டோ கின் மியாவின் குழாயில் கொண்டுவந்து முடித்தேன். "கஞ்சத்தனம் மேலே, கறை கீழே!"

ரேச்சல் மட்டும் மெதுவாகக் கேட்டாள். "செல்வம், கறை இருக்கிறது யார் வீட்டுச் சுவர்ல?"

"அதுதானே அநியாயம்!" என்றேன்.

ஹார்ட்வேர் கடை வைத்திருந்த அன்வர் எழுந்தார். "பேசினது போதும். சுரண்டிப் பூசணும்னுதானே சொல்லியிருக்கு? நாளைக்கு எல்லாரும் உங்க வீட்டுக்கு வர்றோம்."

காசில்லாமல் சுவர் வேலை! பெருமையோடு வீடு திரும்பினேன்.

ஞாயிறு காலை அத்தனை பேரும் வாளியும் பூச்சுக் கரண்டியுமாக வந்துவிட்டார்கள். கலா என் சட்டையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"என்னாங்க, கட்டிலுக்கு அடியில என்ன இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் வந்தபோது நேரம் கடந்திருந்தது. அன்வர் ஆட்களை வரிசையாக நிறுத்திச் சாமான்களை மாடிப்படிக்குக் கடத்திக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடிக்காரரிடம் இல்லை என்று நான் சொன்ன துளைபோடும் மெஷின் வந்தது. ரேச்சலிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சத்தியம் செய்திருந்த புத்தகம், ரேச்சலின் கைக்கே வந்தது. கடைசியாக, மாமனார் வந்தால் படுக்க என்று வாங்கி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மடக்குக் கட்டில்.

சரியாக அப்போது டோ கின் மியா சந்தைக் கூடையோடு படியேறி வந்தார். ஒரு மாதத்துக்கு முன் அவருடைய தாயார் குளியலறை ஈரத்தில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டபோது, ஒரு மடக்குக் கட்டில் கிடைக்குமா என்று என் வாசலில் நின்று கேட்டவர். "இருந்தா கொடுக்க மாட்டேனா?" என்று நான் கதவைச் சாத்தியிருந்தேன்.

"இது... இப்பத்தான் வாங்கினேன்" என்று உளறினேன். அன்வர் உதவி செய்வதாக நினைத்து உறையைத் தட்டினார். எழும்பிய தூசியில் நான்கு பேர் தும்மினார்கள்.

டோ கின் மியா கோபப்படவில்லை. "இதுதான் அந்த இல்லாத கட்டிலா, கோ செல்வம்?" என்றார், ஆண்களுக்குப் போடும் மரியாதைச் சொல்லான 'கோ'வைக்கூட விடாமல்.

படி முழுக்கச் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. "அம்மா ஒரு மாசமாத் தரையில படுத்திருக்காங்க."

சிரிப்பு நின்றது. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கட்டிலைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன். இருபது படிதான், மலையேறுவது போல் இருந்தது.

அந்த அம்மா குளியலறை வாசலை அடைத்தபடி, குறுகலான நடையில் பாயில் படுத்திருந்தார். விழுந்த இடத்திலிருந்து மகளால் தனியாக அவ்வளவு தூரம்தான் இழுக்க முடிந்திருந்தது. அவரை நகர்த்த முடியாததால்தான் குழாய் வேலைக்குச் சாமான்களோடு ஆள் உள்ளே போக வழியில்லை. என் சுவரில் கறை வந்த கதை இவ்வளவுதான். அன்வரும் நானும் அவரைப் பாயோடு தூக்கி, முன்னறையில் கட்டிலில் படுக்க வைத்தோம். காது மந்தமான அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குழாய்க்காரரே, ஒரு மாசமா உங்களைத்தான் தேடுறோம். சாப்பிட்டீங்களா?"

அவமானத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழாய்க்காரன் இல்லை என்று சொல்லும் தகுதிகூட எனக்கு இருக்கவில்லை. அன்று மாலைவரை அன்வருக்குக் கையாளாக நின்று அந்தக் குழாயை மாற்றினேன். அந்த அம்மா எழுந்து நடந்து, பல வருஷம் என்னைக் குழாய்க்காரரே என்றுதான் கூப்பிட்டார். நானும் திருத்தவில்லை.

ரேச்சல் இப்போது கடல் தாண்டி இருக்கிறாள். அன்வரும் போய்விட்டார். அந்த எட்டுப் பேரில் இந்த ஊரில் மிஞ்சியது நான் ஒருவன்தான். இப்போதெல்லாம் சனிக்கிழமை மாலை என்றால் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

ஆனால் எங்கள் வீட்டு அகராதியில் 'இல்லாத' என்ற சொல்லுக்குப் பொருள் மாறியது மாறியதுதான். போன வாரம் மகளிடம், "மார்க் ஷீட் கொடுத்துட்டாங்களா?" என்று கேட்டேன். "இன்னும் இல்லப்பா" என்றாள்.

கலா நேராகப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து, "இந்தாங்க, இல்லாத மார்க் ஷீட்" என்று என் கையில் கொடுத்தாள். "உங்க ரத்தம்தானே?"