பாட்டுப் பெட்டியை வந்து எடுத்துக்கொண்டு போகவும்

செந்திலாண்டவன் துணை

தூத்துக்குடி,
பார்த்திப வருஷம், மாசி மாதம்

கொழும்பில் கருப்பட்டிக் கடை வைத்து நாலு பேர் மெச்ச வாழ்ந்துவரும் என் மைத்துனன் சிரஞ்சீவி ராஜதுரைக்கு, உன் அத்தான் பொன்னுலிங்கம் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்காள் சந்தனமாரியும் எங்கள் மகள் முத்துக்கனியும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத மனம் வரவில்லை. சுகம் என்பது நீ போன வருஷம் தோணியில் அந்தக் கிராமபோன் பாட்டுப் பெட்டியை ஏற்றி அனுப்பிய அன்றைக்கே இந்த வீட்டைவிட்டுப் போய்விட்டது. உன் சுகத்துக்கும் உன் சம்சாரத்தின் சுகத்துக்கும் எழுதவும். எழுதிய கையோடு, நம்பிக்கையான ஆள் ஒருவனை அனுப்பி அந்தப் பெட்டியையும் பிளேட்டையும் எடுத்துக்கொண்டு போகவும். அது இந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் முத்துக்கனிக்குக் கல்யாணம் நடக்காது. ஏன் என்று கேட்பாய், சொல்கிறேன், உட்கார்ந்து படி.

நீ பெட்டியோடு ஒரே ஒரு பிளேட்டு அனுப்பினாய், மயில்வாகன கான கோஷ்டியார் பாடிய 'வேலவா என் வாசல் வந்து வரம் தருவாய்' என்கிற பாட்டு. நல்ல பாட்டுத்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிளேட்டு அனுப்பியவன் ஊசி அனுப்பினாயா? ஒரு சின்ன டப்பி அனுப்பினாய், அது தீபாவளிக்குள் தேய்ந்துவிட்டது. உலக யுத்தம் முடிந்தும் கடையில் ஊசி கிடைக்கவில்லை. ஊசி இல்லை என்றால் பெட்டியை மூடி வைப்பதுதானே முறை? உன் அக்காள் கேட்பாளா? நம் கடையில் கருப்பட்டிச் சாக்குத் தைக்கிற கோணி ஊசியின் முனையை ஒடித்து அதில் சொருகிவிட்டாள். அது பிளேட்டில் ஒரு கோடு கிழித்தது. அன்று முதல் 'வேலவா என் வாசல்' என்று வந்ததும் முள் அங்கேயே நின்று 'வாசல், வாசல், வாசல்' என்று சுற்ற ஆரம்பித்துவிடும். பெட்டி வைத்திருக்கிற பெஞ்சில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால்தான் துள்ளிக் குதித்து 'வந்து வரம் தருவாய்' என்று மேலே போகும். எந்த நேரத்தில் எவ்வளவு ஓங்கித் தட்டவேண்டும் என்பது முத்துக்கனிக்குத்தான் தெரியும். நான் தட்டினால் பாட்டே முடிந்துபோகும்.

இந்தத் தெருவில் வேறு யார் வீட்டிலும் பெட்டி கிடையாது என்று உனக்குத் தெரியும். சாயங்காலமானால் ஜன்னலுக்கு வெளியே தெரு முழுவதும் வந்து நிற்கும். பக்கத்து வீட்டுச் சங்கு குளிக்கிற பாஸ்கல் கடலிலிருந்து வந்து தலை துவட்டுவதற்கு முன்னால் நம் வாசலில் நிற்பான், அவன் பெண்சாதி ஹில்டா கையில் குழம்புச் சட்டியோடு நிற்பாள். "முருகன் பாட்டு உமக்கு எதுக்கு வே?" என்று ஒருநாள் கேட்டேன். "சாமி எந்தச் சாமியா இருந்தா என்ன அண்ணாச்சி, பாட்டு நம்ம தெருப் பாட்டுலா" என்று சொல்லிவிட்டான். இவர்கள் எல்லாருக்கும் அந்தப் பாட்டு என்றால் 'வாசல் வாசல் வாசல்' என்று கும்பலாய்ச் சொல்லி, முத்துக்கனி பெஞ்சில் தட்டும்போது தாங்களும் தொடையில் ஒரு தட்டுத் தட்டி மேலே போவதுதான் பாட்டு. பக்தர் மனம் உருகிக் கூப்பிடுகிறார், முருகன் உடனே வராததால் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார், கடைசியில் தரையில் அடித்துக் கூப்பிடுகிறார் என்று ஹில்டா அதற்கு அர்த்தம்கூடச் சொன்னாள். கோணி ஊசி விஷயத்தை நான் வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

இப்படி இருக்கையில்தான் முத்துக்கனிக்குத் திருச்செந்தூர் இடம் கூடிவந்தது. சன்னதித் தெருவில் தேங்காய் பழக் கடையும் யாத்ரீகர்கள் தங்க விடுதியும் வைத்திருக்கிற செல்லக்கனி அண்ணாச்சியின் பையன். பையன் கண்ணுக்கு லட்சணம், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. மாசித் திருவிழாவில் ஒருநாள் மண்டகப்படி அவர்கள் குடும்பத்துக்கு உண்டு. அந்த நாள் செலவும் கச்சேரியும் அவர்கள் பொறுப்பு. இந்த வருஷம் அண்ணாச்சி யாரைக் கச்சேரிக்குப் பிடித்தார் தெரியுமா? மயில்வாகன கான கோஷ்டியை! எனக்கு ஆள் அனுப்பி, "சம்மந்தி, சாயங்காலம் கச்சேரி கேளுங்க, மறுநாள் காலையில நிச்சயதாம்பூலம் மாத்திக்கிடுவோம். உங்க தெரு ஆளுகளையும் கூட்டிட்டு வாங்க, பந்தல் நிறையணும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன சொல்லைத் தட்டலாமா? நான் தெருவில் சொன்னேன். சொன்னதுதான் தப்பு. அன்று ராத்திரியே ஹில்டா புடவை துவைத்துப் போட்டாள். பாஸ்கல் அந்த வாரம் குளிக்கப் போகவில்லை, குளித்தால் தொண்டை கட்டிவிடுமாம்.

பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியில் ஓடுகிற பஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். அது முக்காணிப் பாலம் வரைக்கும் வந்து, இனிமேல் நீங்கள் தள்ளினால் நான் வருகிறேன் என்கிற மாதிரி நின்றுவிட்டது. டிரைவர் அடுப்பைக் கிளறிக் கரி போட்டுக்கொண்டிருந்தார், நாங்கள் தள்ளினோம். நிச்சயதாம்பூலத்துக்கு வாங்கிய என் மல்வேட்டி கரித்துணியாகிவிட்டது. பஸ்ஸுக்குள்ளே பெண்கள் வழி நெடுக 'வாசல் வாசல்' என்று பாடிப் பழகிக்கொண்டே வந்தார்கள். ஆறுமுகநேரியில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஒருவழியாய்ப் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தோம். அண்ணாச்சி எங்களை முன்வரிசையில் உட்காரவைத்தார். பெண்கள் பக்கத்தில் பலகை போட்டிருந்தது. அதில் முத்துக்கனியைப் பையனின் தாயாருக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. அந்தக் குளிர்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை.

கோஷ்டியார் மேடைக்கு வந்தார்கள். பிளேட்டு உறையில் போட்டிருக்கிற படத்தில் தலைவர் மந்திரமூர்த்தி சுருள் முடியும் சந்தனப் பொட்டுமாய் ராஜகுமாரன் மாதிரி இருப்பார் இல்லையா? மேடைக்கு வந்தவர் வழுக்கைத் தலை, தொப்பை, கழுத்தில் கம்பளித் துண்டு. உன் அக்காள் பெண்கள் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்கும்படி, "ஏங்க, இது அவருக்கு அப்பாவா? அவரு எப்ப வருவாரு?" என்று கேட்டாள். பந்தலே திரும்பிப் பார்த்தது. ஹார்மோனியக்காரர் சுருதி சேர்த்தார், சேர்த்தார், சேர்த்துக்கொண்டே இருந்தார். கிளாரினெட்டுக்காரர் ஊதிப் பார்த்தார், டோலக்குக்காரர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பிறகு தலைவர் தெலுங்கில் ஒரு பாட்டு எடுத்தார், அது முடியவே இல்லை. நம் ஆட்களுக்குப் பிளேட்டு ஓடுகிற நேரம்தான் பாட்டு. அந்த நேரம் ஆனதும் எல்லாரும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்கள். பாட்டு நிற்காததைப் பார்த்துத் திரும்ப உட்கார்ந்தார்கள். "சாவி கொடுத்தது யாருலே, நிக்கவே மாட்டேங்கு?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். கடைசியில் பாஸ்கல் எழுந்து நின்று, "அண்ணாச்சி, நம்ம வாசப் பாட்டைப் பாடுங்க!" என்று கத்தினான். தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கும்பிட்டுவிட்டு எடுத்தார்.

'வேலவா என் வாசல்' என்ற மனுஷர் நேராக 'வந்து வரம் தருவாய்' என்று போய்விட்டார். அவர் மட்டும்தான் போனார். எங்கள் தெரு அங்கேயே நின்றது. 'வாசல், வாசல், வாசல், வாசல்' என்று ஒரே குரலாய்ச் சொல்லி எல்லாரும் தொடையில் ஓங்கித் தட்டினார்கள் பார், பந்தல் கால் ஆடியது. தலைவர் ஒன்றும் புரியாமல் நிறுத்தினார். தான் எங்கேயோ தாளம் தவறிவிட்டதாக நினைத்து, பாவம், முதலிலிருந்து எடுத்தார். அதே இடத்தில் மறுபடியும் 'வாசல், வாசல்'. இந்தத் தடவை டோலக்குக்காரர் எங்கள் பக்கம் சேர்ந்து எங்களுக்கு வாசிக்க ஆரம்பித்தார், கிளாரினெட்டு தலைவரோடு போயிற்று. பாஸ்கல் சங்கு குளிக்கிறவன், அவனுக்கு மூச்சுக்குப் பஞ்சமா? எல்லாரும் நிறுத்திய பிறகும் ஒரே மூச்சில் 'வாசல் வாசல்' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். யாராவது தட்டினால்தானே நிறுத்துவான்? அப்போது பெண்கள் பக்கத்தில் பலகையில் இடி விழுந்த மாதிரி ஒரு தட்டு. பாஸ்கல் நிறுத்தினான். தட்டியது முத்துக்கனி. பையனின் தாயார் மடியில் இருந்த வெற்றிலைச் செல்லம் கவிழ்ந்து பாக்கு உருண்டது. என் கையும் சும்மா இருக்கவில்லை, ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை, ஆகவே அதை விட்டுவிடுவோம்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எத்தனையோ ஊர்ல பாடியிருக்கேன், இப்பிடி ஒரு கேலியை நான் பார்த்ததில்ல" என்று எழுந்தார். பாஸ்கல் அதோடு விட்டானா? "கேலி இல்ல அண்ணாச்சி, பிளேட்டுல ஒழுங்காப் பாடிட்டு இங்கன வந்து ஏன் மாத்துதிய? உங்க பாட்டு உங்களுக்கே மறந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டு, மேடையருகே போய் எப்படிப் பாடவேண்டும் என்று பாடியே காட்டினான். உன் அக்காள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பாதியை முழுங்கிட்டாரு, நல்ல இடத்தையே விட்டுட்டாரு" என்று சாட்சி சொன்னாள். கோஷ்டி மேடையைவிட்டு இறங்கிப் போய்விட்டது. அண்ணாச்சி மண்டகப்படி வரலாற்றிலேயே கச்சேரி பாதியில் நின்றது இதுதான் முதல் தடவையாம். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். பையனின் தாயார், "பொம்பளப் பிள்ள சபையில இந்த அடி அடிச்சா, வீட்டுல என்ன அடி அடிப்பா?" என்றாள். அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டு, "தாம்பூலத்தை இப்ப மாத்த வேண்டாம். யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். கொண்டுபோன பழத்தையும் வெற்றிலையையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். வருகிற வழியில் பஸ்ஸில் ஒருத்தரும் பாடவில்லை. முத்துக்கனி தலையைக் குனிந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளையை அப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆகவே திரும்பவும் சொல்கிறேன், நீ அனுப்பிய சனியனை நீயே எடுத்துக்கொள். ஆள் வரத் தாமதமானால் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிடுவேன், பாஸ்கல் முங்கி எடுத்தாலும் திரும்பப் போடுவேன். உன் சம்சாரத்துக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. உனக்கும் ஆசிதான், கோபம் தணிந்த பிறகு.

இப்படிக்கு,
உன் அத்தான்,
பொன்னுலிங்கம்

பின்குறிப்பு: காற்று சரியில்லை என்று தோணி கிளம்பாததால் இந்தக் கடிதம் ஒரு வாரமாய்ச் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. அதற்குள் நேற்றுச் செல்லக்கனி அண்ணாச்சி பஸ் ஏறி நம் வீட்டுக்கே வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று உன் அக்காள் உள்ளே போய் அழுதாள். வந்தவர் காப்பிகூடக் குடிக்காமல், "சம்மந்தி, அந்தப் பிளேட்டைப் போடுங்க" என்றார். விஷயம் என்னவென்றால், திருச்செந்தூர் முழுவதும் இப்போது 'வாசல் வாசல்' என்றுதான் பாடுகிறதாம். மறுநாள் வேறு குடும்பத்தாரின் மண்டகப்படியில் ஜனங்கள் விடாமல் கேட்டு, மந்திரமூர்த்தியே 'வாசல்' என்ற இடத்தில் நின்று நின்று பாடி, மேடைப் பலகையில் தட்டி, கைதட்டல் வாங்கினாராம். பையனின் தாயாரும் மாவாட்டும்போது அதையே பாடி ஆட்டுக்கல்லைத் தட்டுகிறாளாம். பிளேட்டைப் போட்டேன். முத்துக்கனி தட்டினாள். அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "வைகாசியில கல்யாணத்தை வச்சுக்கிடுவோம். வேற சீர் ஒண்ணும் வேண்டாம், பொண்ணோட இந்தப் பெட்டியையும் பிளேட்டையும் அனுப்பிருங்க" என்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, "பொண்ணத் தாரேன், பெட்டியத் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. உடனே நான், கொழும்பில் என் மைத்துனன் இருக்கிறான், வைகாசிக்குள் இன்னொன்று அனுப்புவான் என்று உன் பெயரில் வாக்குக் கொடுத்துத் தாம்பூலத்தை மாற்றிக்கொண்டேன். பிளேட்டில் கோடு கிழிக்க உன் அக்காளிடம் கோணி ஊசி இருக்கிறது. நீ அனுப்பாவிட்டால் கல்யாணம் நிற்கும், அந்தப் பாவம் உன்னைச் சேரும். ராஜதுரை, உனக்கு மட்டும் சொல்கிறேன். முத்துக்கனி போய்விட்டால் இந்த வீட்டில் என்ன சத்தம் இருக்கும்? நேற்று அவளை உட்காரவைத்து, எப்போது தட்டவேண்டும் என்று கேட்டுத் தட்டிப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. "அப்பா, கோவமாத் தட்டாதீங்க" என்கிறாள். வைகாசிக்குள் பழகிவிடுவேன். ஆகையால் இந்தப் பெட்டியை எடுக்க யாரையும் அனுப்பாதே. வருகிற ஆளுக்கு வயிறாரச் சோறு போடுவேன், பெட்டியைக் கண்ணில் காட்டமாட்டேன்.