கல்வெட்டில் நான் சேர்த்த வரி

சாமி விஷயத்தில் எதையும் குறையாக விட்டுவைக்க எனக்கு மனசு வராது. விளக்குத் திரி கொஞ்சம் குட்டையாக இருந்தால்கூட அன்றைக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டு காலண்டரில் முருகன் கோணலாகத் தொங்கினால் உள்ளே போய் நேராக்கிவிட்டுத்தான் வருவேன். (என்னைக் கண்டதும் அவர்கள் கதவைச் சாத்துவதற்கு இது மட்டும் காரணம் இல்லை.) இந்தக் குணத்தால் ஒருமுறை, பல நூறு வருஷத்து எழுத்து ஒன்றைப் பாழாக்கப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளால் இவ்வளவு பெரிய காரியம் ஆகுமா என்று நினைக்க வேண்டாம். அரை டப்பா சில்வர் பெயின்ட்டும் நல்ல மனசும் இருந்தால் போதும்.

மராத்திச் சீமையில், சீத்தா கேம்ப் குடியிருப்பில் எங்கள் சந்து முடிகிற இடத்தில், அரசமரத்தடியில் ஒரு கல் நிற்கிறது. இடுப்பு உயரம். உச்சியில் சூரியனும் சந்திரனும் செதுக்கியிருக்கும். அதற்குக் கீழே வரிவரியாக ஏதோ எழுத்து. நான் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இறங்கியபோதே அது அம்மன்தான். வெள்ளிக்கிழமைதோறும் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைப்பது என் வேலை. பதினைந்து வருஷம் ஒரு வெள்ளி தவறியதில்லை. எழுத்தை யாரும் வாசிக்க முயன்றதும் இல்லை. அம்மன் மேனியில் என்ன எழுதியிருக்கிறது என்று உற்றுப் பார்ப்பது மரியாதையா, சொல்லுங்கள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, என் பின்னால் ஒரு அம்மா வந்து நின்றார். நரைத்த முடி, பருத்திப் புடவை, தோளில் துணிப்பை. கேஸ் ஏஜென்சி ஆள் என்று நினைத்து, என்ன வேணும் என்று ஹிந்தியில், "க்யா மாங்தா?" என்றேன். அவர் என் நெற்றியையும் மஞ்சள் கிண்ணத்தையும் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

"அம்மையீர், தாங்கள் இக்கல்லை எத்தனை ஆண்டுகளாக வழிபட்டு வருகின்றீர்கள்?"

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுவது "ஏட்டி". அம்மையீர் என்று அதுவரை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

அவர் மராத்திக்காரர். செத்துப்போன மொழிகளையும், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற மொழிகளையும் படிக்கிற பேராசிரியை. தமிழை நம் பக்கத்துக் கோயில் கல்வெட்டுகளிலிருந்து கற்றுக்கொண்டாராம். அதாவது, அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து ஆயிரம் வருஷம் ஆகிறது. பிறகு தமிழ் எப்படி இருக்கும்?

நடைபாதையிலேயே உட்கார்ந்து எனக்கு விளக்கிச் சொன்னார். கல்லில் இருப்பது பழைய மராத்தி, நடுநடுவே சமஸ்கிருதம். இன்றைக்கு மராத்தி பேசுகிறவர்களுக்கே அது விளங்காது. யாரோ யாருக்கோ நிலம் கொடுத்த செய்தி. எந்த ஊர் நிலம் என்று நாலாவது வரியில் இருக்க வேண்டும். மஞ்சள் மூடியிருப்பதால் தெரியவில்லை. இந்த மாதிரிக் கற்களில் ஒருவேளை வேறெங்கும் இல்லாத ஒரு சொல், ஒரு ஊர்ப்பெயர் அகப்படும். அந்தக் கல்லும் போய்விட்டால் அந்தச் சொல்லை உலகத்தில் யாரும் இனி சொல்லவே போவதில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்கிற மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

வருகிற புதன்கிழமை தாளும் மையும் கொண்டுவந்து கல்லின்மேல் ஒற்றிப் படி எடுப்பதாகச் சொன்னார். கிளம்பும்போது ஒரே ஒரு வேண்டுகோள். "அதுவரை இதனைத் தூய்மையாக வைத்திருங்கள்."

மஞ்சள் பூசாமல் சும்மா விடு என்பதுதான் அதற்கு அர்த்தம். என் காதில் விழுந்ததோ, விருந்தாளி வருகிறார், அம்மனைத் தயார் பண்ணு என்று.

சனிக்கிழமை புளி போட்டுத் தேய்த்தேன். ஞாயிறு வெயிலில் காயவிட்டேன். என் வீட்டுக்காரர் சுடலைமுத்து, செம்பூரில் கேட் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சில்வர் பெயின்ட் இருந்தது. மகள் கௌரியின் டிராயிங் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, திங்களும் செவ்வாயும் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் பெயின்ட்டை நிரப்பினேன். என்ன ஜொலிப்பு! சில எழுத்துகள் தேய்ந்து பாதியில் நின்றன. பாதியில் நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கை நமநமக்கும். அவற்றை முழுசாக்கினேன். நாலாவது வரி ரொம்பவும் மங்கல். மேல்வரியைப் பார்த்து, அதே மாதிரி நாலைந்து சுழிகளைப் போட்டு நிரப்பினேன். (அழகுக்கு.)

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏட்டி, அந்தம்மா சுத்தமாத்தான வைக்கச் சொன்னாவ?"

"படிக்க வாரவங்களுக்குக் கண்ணு தெரிய வேண்டாமா? நீங்க சும்மா இரிங்க."

அடியில் ஒரு சாண் இடம் வெறுமையாக இருந்தது. பெயின்ட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த இடத்தையும் சும்மா விடவில்லை. எல்லாம் காய்ந்ததும், திருஷ்டி படாமல் இருக்க ஒரு கை நல்லெண்ணெய்.

புதன்கிழமை சந்தே கூடி நின்றது. நான் பட்டுப்புடவை. பேராசிரியை மேடம் தாள் சுருளோடு சந்துக்குள் திரும்பினவர், பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். தோளிலிருந்து பை நழுவியது. திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு கல்லுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து விரலைக் கல்லில் படாமல் நகர்த்திக்கொண்டே வாய்க்குள் வாசித்தார். நாலாவது வரியில் விரல் நின்றது. முன்னே போனது, பின்னே வந்தது. கடைசியில் அடிவரிக்கு வந்தார். பிறகு, ராஜா காலத்துச் செய்தி மாதிரியே நிறுத்தி நிதானமாக உரக்க வாசித்தார்.

"உபயம். சுடலைமுத்து குடும்பத்தார். சீத்தா கேம்ப்."

கூட்டத்தில் இருந்த என் வீட்டுக்காரர் சட்டென்று குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். செருப்பு காலில்தான் இருந்தது.

(கோயிலுக்கு விளக்குமாறு வாங்கிக் கொடுத்தாலும் கட்டையில் பெயர் எழுதுகிற ஊர்க்காரி நான். இரண்டு நாள் உழைப்புக்குப் பெயர் போட்டது தப்பாகவே தோன்றவில்லை.)

எண்ணெய்ப் பிசுக்கில் தாள் ஒட்டாது, படி எடுக்க முடியாது என்றார் மேடம். என்னவர் பட்டறைக்கு ஓடி, பெயின்ட்டைக் கரைக்கிற தின்னரும் கம்பி பிரஷ்ஷும் கொண்டுவந்தார். அன்றைக்கு மேடம் குரல் உயர்ந்தது அப்போதுதான். அதைப் போட்டுத் தேய்த்தால் பெயின்ட்டோடு எழுத்தும் போய்விடுமாம்.

அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நிலம் கொடுத்ததைச் சொன்னார். கடைசியில் ஒரு சாபம் உண்டு என்றார். இந்த எழுத்தை அழிக்கிறவருக்கு என்று தொடங்கி, கூட்டத்தில் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பட்டுப்புடவை முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். பதினைந்து வருஷம் பூசை பண்ணின கையாலேயே சாபத்தை வாங்கிக்கொண்டேனே.

மேடம் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"சாபம் அழிப்பவர்க்கே. தாங்கள் அழிக்கவில்லை, அம்மையீர். சேர்த்தீர்கள்."

படித்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை அந்த நேரத்தில் தேடி எடுத்துக் கொடுக்கிற படிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு ஒரு போர்வை கேட்டார். கல்லையும் எங்கள் இருவரையும் சேர்த்து மூடச் சொன்னார். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால், வெட்டின பள்ளத்தில் மட்டும் நிழல் விழுமாம். ஆனால் பெயின்ட்டின் பளபளப்பு கண்ணைக் கூச வைத்தது. பள்ளம் எது, என் கைவேலை எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் என்னைக் கேட்டார். பிரஷ் எங்கே உள்ளே இறங்கியது, எங்கே வழுக்கியது என்று நினைவிருக்கிறதா?

கண்ணை மூடிக்கொண்டேன். பிரஷ் எதற்கு? பதினைந்து வருஷம் ஒவ்வொரு பள்ளத்திலும் மஞ்சளோடு இறங்கி ஏறின விரல் இது.

"இது பள்ளம் மேடம். இது சும்மா கீறல். இது நான் போட்டது."

"இச்சுழி?"

"அதும் நாந்தான்."

"இதற்கடுத்தது?"

"எல்லாம் நாந்தான் மேடம், அந்த ஓரம் வரைக்கும்."

ஒருமுறைகூடச் சிரிக்காமல் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். மே மாத வெயில். இருவர் வியர்வையும் நோட்டில் சொட்டியது. வெளியே யாரோ, இந்தம்மாவுக்கு அருள் வந்துவிட்டதா என்று ஹிந்தியில் விசாரிப்பது கேட்டது.

நாலாவது வரியில் ஒரு எழுத்து. அங்கே சுழி இருக்காது, அதுவும் நீங்கள் போட்டதுதானே என்றார் மேடம். நான் இல்லை என்றேன். அதற்குள் மஞ்சள் அடைத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமைதோறும் ஈர்க்குச்சியால் எடுத்துவிடுகிறவள் நான். எனக்குத் தெரியாதா?

மேடம் டார்ச்சை நெருக்கிப் பிடித்து, அந்தச் சுழியையும் சேர்த்து வரியை மறுபடி வாசித்தார். பிறகு ஒரு ஊரின் பெயரைச் சொன்னார். மெதுவாக, மூன்று தரம். எனக்கும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தது, சொன்னேன். பல நூறு வருஷமாக யாரும் கூப்பிடாத ஒரு ஊரை, இரண்டு பொம்பளைகள் ஒரு போர்வைக்குள் வியர்த்துக்கொண்டு கூப்பிட்டோம். மேடம் கண் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதற்கப்புறம், இதற்கென்றே படித்த ஒருவர் வாரக்கணக்கில் வந்து, பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பெயின்ட்டை எடுத்தார். படியும் எடுத்தார்கள். இப்போது மஞ்சள் குங்குமமெல்லாம் முன்னால் வைத்திருக்கிற சின்னக் கல்லுக்குத்தான். அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை.

மறுவருஷம் மேடம் எழுதிய கட்டுரை தபாலில் வந்தது. கௌரி வாசித்துச் சொன்னாள். அடிக்குறிப்பில் எங்கள் வரியும் இருந்தது. கடைசி வரி தமிழில், வெள்ளிநிறப் பெயின்ட்டில் எழுதப்பட்டது, பிற்காலச் சேர்க்கை, இப்போது நீக்கப்பட்டுவிட்டது என்று. உலகத்தில் எந்த மூலையில் எவர் இந்தக் கல்லைப் பற்றிப் படித்தாலும், நிலம் கொடுத்த ராஜாவுக்குக் கீழே சுடலைமுத்து குடும்பத்தாரைத் தாண்டித்தான் போக வேண்டும். கல்லில் இருந்ததைப் பஞ்சால் எடுத்தார்கள், புத்தகத்தில் இருப்பதை யார் எடுப்பது? என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தை லேமினேட் பண்ணிப் பட்டறையில் மாட்டியிருக்கிறார்.

வீட்டில் எனக்கு அதிலிருந்து நிம்மதி போயிற்று. அடுத்தவர் வைத்த குழம்பில் கொஞ்சம் உப்புப் போட்டால் போதும், "அம்மா, பிற்காலச் சேர்க்கையா?" என்பாள் கௌரி. அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டிலும் இப்போது அதையே சொல்கிறார்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு மேடம் வந்திருந்தார். அம்மனுக்கென்று ஒரு பித்தளை விளக்கு கொடுத்தார். அதன் விளிம்பில் அந்தக் கல்லில் உள்ள மாதிரியே எழுத்து, அவரே கீறியது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"உபயம் என்றுதான்" என்றார்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்த விளக்கை நான்தான் துலக்குகிறேன். அதில் கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் மங்கல். கை நமநமக்கிறது. பெயின்ட் டப்பாவை என் வீட்டுக்காரர் பட்டறையில் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டிருக்கிறார்.