கரோல் பாக்கில் பிறந்த தலையணை

நான் ஒரு தடவை கர்ப்பமாக இருந்திருக்கிறேன். ரொம்ப நேரமில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மத்தியானம் வரைதான். பிரசவம் கரோல் பாக்கில், நடுத்தெருவில், ஊர் பார்க்க நடந்தது. (சுகப்பிரசவம் என்று சொல்ல முடியாது. கத்தரிக்கோல் தேவைப்பட்டது.) இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் விட்டால் என் மனைவி சொல்வாள். அவள் சொல்லச் சொல்ல அந்தத் தெருவில் கூட்டம் ஏறிக்கொண்டே போகிறது.

எண்பதுகளின் தொடக்கம். டில்லியில் கோல் மார்க்கெட் பக்கம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வசந்தா உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆனால் வசந்தாவுக்குத் தாய்வீடு என்று ஒன்று கிடையாது. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா போய்விட்டார். அப்பாவே மகன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குள் சண்டை வந்தால்கூட, "கோவிச்சுக்கிட்டுப் போக எனக்கு ஒரு வீடு இருக்கா? அந்தத் தைரியத்துலதானே பேசுறீங்க" என்பாள். அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? வாயை மூடிக்கொள்வேன். ஜெயித்த மாதிரியே இருக்காது.

ஆகவே பிரசவம் டில்லியில்தான் என்று முடிவாயிற்று. டாக்டரம்மா சொன்ன கணக்குப்படி குழந்தை நல்ல பனிக்காலத்தில் பிறக்கும். வசந்தாவின் பயமெல்லாம் அதுதான். டில்லியின் பனிமூட்டத்தில் எதிரே நிற்கும் எருமை தெரியாது. அந்த நேரத்தில் வலி எடுத்தால் ஸ்கூட்டர்காரன் வருவானா? (ஆட்டோவை டில்லியில் ஸ்கூட்டர் என்றுதான் சொல்வோம்.) வெயில் காலத்திலேயே "நஹீ ஜாயேகா", வரமாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொள்கிறவன் அவன்.

"நம்மகிட்ட ஒரு சின்ன வண்டி இருந்தா எனக்குப் பயமில்லாம இருக்கும்" என்றாள் ஒரு நாள். என்னிடம் எதையும் கேட்காதவள் கேட்டுவிட்டாள். கார் வாங்கியே தீர்வது என்று கிளம்பிவிட்டேன். புதுக் கார் என்றால் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயதில் வண்டி வந்து சேரும். எனவே பழைய கார். ஓட்டவும் கற்றுக்கொண்டிருந்தேன். எனக்கு லைசென்ஸ் கிடைத்ததைக் கற்றுக்கொடுத்தவர்தான் கடைசிவரை நம்பவில்லை.

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஓர் அமைச்சகத்தில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். குண்டூசி வாங்கினாலும் நாலைந்தை எடுத்துக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவோம். சோதனை செய்யாமல் எதையும் வாங்கக் கூடாது என்பது எனக்கு வேதம். அதனால்தான் வசந்தா, "இந்த வயித்தோட உங்க பின்னாடி வீடு வீடா வந்து காருக்குள்ள ஏறி இறங்க என்னால ஆகாது. நிறைமாசத்துல ஏறி இறங்க வசதியா இருக்குமான்னு நீங்களே பார்த்துட்டு வாங்க" என்று சொன்னபோது, அதை ஒரு மனைவி சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. மேலிடத்து உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பீரோ மேலிருந்த இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டு, "கட்டி விடு" என்றேன்.

வசந்தா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நிஜமாவே இப்படியே போகப் போறீங்களா?"

"சோதனைன்னா அப்படித்தான்."

தன் பழைய பாவாடை நாடாக்களை ஒன்றோடொன்று சேர்த்து, என்னைச் சுற்றி இறுக்கி, முதுகுப்பக்கம் முடிச்சுப் போட்டாள். ஒன்று இல்லை, மூன்று. "நீங்க எனக்குப் போட்டதுக்கு வட்டியும் முதலுமா" என்றாள். அதன்மேல் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர். கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே என்மேல் ஒரு பரிவு வந்தது.

துணைக்கு சுடலைமுத்துவைக் கூட்டிக்கொண்டேன். என் பிரிவிலேயே வேலை, திருநெல்வேலிக்காரன். காரைப் பற்றி எல்லாம் தெரியும் என்பான். (ஒரு தடவை ஆக்ராவுக்கு முன்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறான்.) என்னைப் பார்த்தவன், "என்னவே இது, ஒரே ராத்திரியில?" என்று கேட்டான். விஷயத்தைச் சொன்னதும் மரியாதையாகத் தலையாட்டினான். அவனும் கொள்முதல் பிரிவுதானே. பஸ்ஸில் ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், எழுந்து இடம் கொடுத்தார். நானும் உட்கார்ந்தேன். சும்மா சொல்லக்கூடாது, உட்கார்ந்தது சுகமாகத்தான் இருந்தது.

கரோல் பாக்கில் கன்னா என்கிற ஜவுளி வியாபாரி தன் பழைய காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். பெரிய வண்டி ஒன்று வாங்கிவிட்டதால் சின்னதைத் தள்ளிவிடப் பார்த்தார். வீட்டு வாசலில் நின்ற அந்த வண்டியைப் பார்த்ததும் மனதைப் பறிகொடுத்துவிட்டேன். பால்கோவா நிறம், அடக்கமான உருவம், பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். கதவுகள் இரண்டே இரண்டு. பின்னால் போக வேண்டுமென்றால் முன்சீட்டை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும்.

அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். கண்ணால் பார்த்தாலே தெரிகிற விஷயம். ஆனால் சோதிக்காமல் நிராகரிப்பதும் எங்கள் பிரிவில் குற்றம்.

சீட்டை மடக்கி, குனிந்து, ஒரு காலை வைத்து, மூச்சை இழுத்து, உள்ளே போய்விட்டேன். "தாராளமா இருக்கு" என்று அறிவித்தேன். சுடலைமுத்து தன் பங்குக்கு முன்சீட்டை நிமிர்த்தி அதில் பொத்தென்று உட்கார்ந்து பார்த்தான். 'கடக்' என்று எங்கோ ஒரு கொக்கி மாட்டிக்கொண்டது. அவன் எழுந்து வெளியே போனான். சீட் மடங்கவில்லை. கன்னா இழுத்தார். மடங்கவில்லை. அந்தப் பக்கத்துச் சீட்டை மடக்கலாமே என்றேன். அது மடங்கி எத்தனையோ வருஷமாயிற்று என்று அப்போதுதான் சாவகாசமாகச் சொன்னார்.

எனக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் தலையணை வசமாக மாட்டிக்கொண்டது. அது இல்லாவிட்டால் சீட்டைத் தாண்டிக் குதித்திருப்பேன். அதை அவிழ்க்க என் கை முதுகுக்குப் போகவில்லை. போனாலும் வசந்தாவின் மூன்று முடிச்சு.

"மூச்ச உள்ள இழுத்துக்கிட்டு வாரும் வே" என்றான் சுடலைமுத்து.

"நான் இழுத்தா தலையணை இழுக்குமாடா?"

அதற்குள் தெரு கூடிவிட்டது. மாடிகளில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், பாவம் மதராசி, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்றார். சோடா கொடுக்கச் சொன்னார் இன்னொருவர். கன்னா சாஹிப் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் வயிற்றையே பார்த்தார். வண்டிக்குள் ஒருவன் செத்துவிட்டால் அப்புறம் யார் வாங்குவார்கள் என்று அவருக்குக் கவலை. அப்போதுதான் அவர் மனைவி கையில் மாவோடு வெளியே வந்தார். எல்லோரும் பாபி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் கனத்த உடம்புக்காரர். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, வயிற்றுக்கு என்ன, வலிக்கிறதா என்று கேட்டார்.

பதற்றத்தில் எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் ஒரே வாக்கியமாக வந்து விழுந்தது. "பாபிஜி, யே மேரா பேட் நஹீ. மேரி பீவி கா பேட் ஹை." இது என் வயிறு இல்லை, என் மனைவியின் வயிறு.

மாடியில் எட்டிப் பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் குனிந்தார்கள். சத்தியமான வாக்கியம்தான். இலக்கணப் பிழைகூட இல்லை. ஆனால் அதைச் சொல்லிக் கேட்டவர்கள் யாரும் அதுவரை டில்லியில் இருந்திருக்கமாட்டார்கள். நான் ஸ்வெட்டரைத் தூக்கித் தலையணை உறையின் பூவேலையைக் காட்டினேன். பாபிக்கு விளங்கிவிட்டது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, மாவுக்கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு கத்தரிக்கோலோடு வந்தார். முன்சீட்டில் மண்டியிட்டு, "அசையாதே பையா" என்று சொல்லி நாடாவை வெட்டினார். நாடாவோடு தலையணையும் கொஞ்சம் வெட்டுப்பட்டது. பஞ்சு பறந்தது. தலையணையை வெளியே உருவி சுடலைமுத்துவின் கையில் கொடுத்தார். அவன் அதைப் பச்சைப்பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்தி நின்றான். மாடியிலிருந்து ஒரு பெண் கேட்டாள், "லட்கா யா லட்கி?"

ஆணா பெண்ணா என்று தெரிவதற்குள் நான் சீட்டைத் தாண்டி வந்து விழுந்தேன். தலையில், மீசையில், எல்லாம் பஞ்சு.

உள்ளே கூட்டிப்போய் சூடாகப் பராட்டா போட்டார் பாபி. பெற்றவன் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று தட்டில் வெண்ணெயை அள்ளி வைத்தார். சிரிப்பெல்லாம் அடங்கியபின், "பிரசவத்துக்குப் பெண்ணோட அம்மா வருகிறாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு யார் வருகிறார்கள் என்றார். யாருமில்லை என்றேன். இன்னொரு பராட்டாவை என் தட்டில் போட்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "இந்த வண்டி இவருக்கு இல்லை" என்றார். கன்னா சாஹிப் கார்ச் சாவியை மறுபடி ஆணியில் மாட்டினார். வியாபாரம் அதோடு முடிந்தது.

அன்று சாயந்திரமே பாபி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், தைத்த தலையணையோடு. வசந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. வசந்தாவின் இந்தி காய்கறிக்காரனோடு நின்றுவிடும். ஆனாலும் இரண்டு பேரும் விளக்கு வைத்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள். வசந்தா அழுததும் எனக்குச் சமையலறையில் கேட்டது. அது துக்க அழுகை இல்லை. அந்தமட்டுக்கு எனக்குத் தெரியும்.

கடைசியில் அவள் பயந்தபடியே, பனிமூட்டம் கவிந்த ஒரு விடியற்காலையில்தான் வலி எடுத்தது. மாடிவீட்டு அதிகாரியின் போனில் கரோல் பாக்கைக் கூப்பிட்டேன். பாபி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இடது, வலது, நில்லு என்று கத்திக்கொண்டே வர, கன்னா சாஹிப் மாட்டுவண்டி வேகத்தில் பெரிய காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இறங்கிப் பின்கதவைத் திறந்தவர், வசந்தாவை மகளாகக் கூப்பிட்டு, "பார் பேட்டி, நாலு கதவு" என்றார். அந்த வலியிலும் அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரி வரைக்கும் பாபியின் கையை அவள் விடவில்லை. எனக்கு முன்சீட் கொடுத்தார்கள்.

பெண் குழந்தை. பாபி தினமும் வந்தார். கோதுமை மாவை நெய்யில் வறுத்துப் பஞ்சீரி செய்து கொண்டுவந்தார். பெற்றவளுக்கு என்று சொல்லித்தான் கொண்டுவருவார், எனக்கும் ஒரு பங்கு தனியாக இருக்கும். குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னியபோது இரண்டாகப் பின்னினார். சின்னது குழந்தைக்கு. பெரியது தலையணைக்கு. மூத்த பிள்ளைக்குக் குளிரக் கூடாதாம். இன்றைக்கும் அது எங்கள் வீட்டில் ஸ்வெட்டரோடுதான் இருக்கிறது. என் மகள் அதை அண்ணன் என்கிறாள்.

கார் எப்போது வாங்கினோம் என்று கேட்பீர்கள். மகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் வாங்கினோம், நாலு கதவோடு. பாபி பின்சீட்டில் ஏறி இறங்கிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வாங்கினேன். எந்த அமைச்சகத்திலும் அதைவிடக் கண்டிப்பான சோதனை நடந்திருக்காது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையால் வந்த பெரிய விளைவு அது இல்லை. குழந்தைக்கு ஒரு வயது இருக்கும்போது எங்களுக்குள் ஒரு சண்டை. காரணம் மறந்துவிட்டது, தப்பு என்மேல்தான் இருந்திருக்கும். வழக்கமாக அவள் சொல்லும் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். வசந்தா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள்.

"நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, கரோல் பாக் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

நான் வாசலிலேயே நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. சாயந்திரம் கூப்பிடப் போனேன். பாபி கதவைப் பாதி திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, மாப்பிள்ளை முதலில் மன்னிப்புக் கேட்கட்டும் என்றார். கேட்டேன். அப்புறம்தான் பராட்டா கிடைத்தது.