படிகளுக்கு முன்கூட்டியே சொன்ன நன்றி

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை லோஜினிக்கு, கடல் பல தாண்டி அண்ணா ஸ்ரீதரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் ஒரு குறையுமின்றி இருக்கிறோம். நீயும் சுகம் என்பதை உன் மகள் தர்மிகா சொல்லித்தான் அறிந்தேன். மூன்று வாரமாக நீ என் அழைப்பை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஆகவே முத்திரை ஒட்டி எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கிழி.

நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். கடற்கரைக்கு இறங்கும் மரப்படிகள் புயலில் உடைந்தன என்று உங்கள் கவுன்சில் பதினான்கு மாதமாக மஞ்சள் நாடா கட்டி வைத்திருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அறிக்கை வருகிறது, அறிக்கை வருகிறது என்றே பதில். உன் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கடல் தண்ணீரில் நடக்கச் சொன்னார் டொக்டர். உனக்கோ வாசலில் நின்றால் கடல் தெரிகிறது, கால் நனைக்க இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். "அண்ணா, கடலைப் பாத்துக்கொண்டே நான் கிழவியாப் போறன்" என்று ஒரு நாள் போனில் அழுதாய். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கவுன்சிலைக் கேட்கப் போகிறேன் என்றதும் உன் அண்ணி செல்வமலர், "இஞ்சேருங்கோ, எங்கட தெருவில ரெண்டு கிழமையாக் குப்பை அள்ளேல்லை, அதைக் கேக்க ஏலாது, அவுஸ்திரேலியாவுக்குப் பாயுறியளோ?" என்றாள். அவள் சொன்னது சரி. சரியாக இருந்தபடியால்தான் எனக்குக் கோபம் வந்தது.

கவுன்சில் கூட்டம் கொம்பியூட்டரில் நடக்கும், ஊரவர் மட்டும் மூன்று நிமிடம் பேசலாம், பெயரும் விலாசமும் பதிய வேண்டும் என்று அவர்களின் இணையத்தளத்தில் இருந்தது. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த விலாசம் உன்னுடையது ஒன்றுதான். விலாசத்துக்குப் பொருத்தமாகப் பெயரையும் போட்டேன். முகம் தெரியும் என்று யார் கண்டார்கள்? அங்கே மாலை ஆறு, இங்கே காலை ஒன்பது, கோட்டும் டையுமாக உட்கார்ந்தேன். திரையில் என் வழுக்கையும் மீசையும், கீழே 'திருமதி லோஜினி'. மேயர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்துவிட்டு, "திருமதி லோஜினி, பேசுங்கள்" என்றார். என்ன மரியாதையான மனிதர்கள்!

இருபத்தேழு வருடம் ஊர்ச் சங்கச் செயலாளராக இருந்த வாய் என்னுடையது. மதிப்புக்குரிய மேயர் அவர்களே, துணை மேயர் அவர்களே, ஒன்பது கவுன்சிலர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, ஒலி அமைத்த தம்பி அவர்களே என்று ஆங்கிலத்தில் முறைப்படி விளித்து முடிக்கவே இரண்டரை நிமிடம் போய்விட்டது. மணி அடித்தார்கள். பதற்றத்தில் கேள்வி எழுதிய தாளை விட்டு மற்றத் தாளை எடுத்துவிட்டேன். அது நன்றியுரை. எங்கள் கூட்டங்களில் நன்றியுரையை முதல் நாளே எழுதி வைப்போம் என்பது உனக்குத் தெரியும், சாப்பாடு வராவிட்டாலும் அறுசுவை உணவுக்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பழக்கத்தில், அங்கே ஒருவரும் நன்றி சொல்லாவிட்டால் குறையாகிவிடுமே என்று எழுதி வைத்திருந்தேன். "இம்மாத முடிவுக்குள் படிகளைத் திருத்தித் திறந்துவைத்த கவுன்சிலுக்கு ஊர்மக்கள் சார்பில் உளமார்ந்த நன்றி" என்று மூச்சு விடாமல் வாசித்தேன்.

அந்தக் கூட்டத்தில் யாரும் நன்றி சொல்லி வருடக்கணக்காகிறதுபோலும். மேயர் அம்மா மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிக்க மகிழ்ச்சி, அது எங்கள் கடமை" என்றார். எழுதுவினைஞர் அதை அப்படியே அறிக்கைப் புத்தகத்தில் ஏற்றிவிட்டார். உள்ளூர்ப் பத்திரிகை, மாத முடிவில் படிகள் திறப்பு, மேயர் உறுதி என்று முதல் பக்கத்தில் போட்டது. அதன்பிறகு மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், ஒன்பதாம் நாள் தச்சர்களை அனுப்பினார்கள்.

தர்மிகா படம் அனுப்பினாள். காற்சட்டையை மடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, சின்னப் பிள்ளைபோலப் பல் தெரியச் சிரிக்கிறாய். இங்கே ஹை ஸ்ட்ரீட்டில் நகைக்கடை, சீலைக்கடை, மரக்கறிக்கடை என்று ஒன்று விடாமல் அதைக் காட்டிவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம், தங்கைச்சி. ஆனால் அங்கே உன்னைக் காண்பவர்கள் எல்லாரும் மீசையை எப்போது எடுத்தீர்கள் என்று கேட்கிறார்களாமே. அது முழுக்க என் பிழை. இனி உங்கள் கவுன்சிலில் வாய் திறக்கமாட்டேன், இது சத்தியம்.

உன் முழங்கால் திடமாகவும், வீடு சிரிப்பாகவும், கடல் எப்போதும் உன் காலடியிலும் இருக்க இறைவனை வேண்டும்,
உன் அண்ணா
ஸ்ரீதரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மேயர் அம்மாவின் மின்னஞ்சல் வந்தது. நான் யார் என்ற உண்மையை ஏற்கெனவே எழுதி மன்னிப்புக் கேட்டிருந்தேன். தனக்கு அன்றே தெரியுமாம், நன்றி சொல்ல வேறு ஆள் கிடைக்காததால் பேசாமல் இருந்தாராம். அடுத்த மாதம் படிகளுக்கு முறையான திறப்பு விழா, திரையில் தோன்றி நன்றியுரை நான்தான் நிகழ்த்த வேண்டுமாம். ஓம் என்று பதில் போட்டுவிட்டேன். உரையும் எழுதி முடித்தாயிற்று. கடைசி வரி இது: "கடிதம் கிடைத்த அன்றே என்னை மன்னித்து, போன் எடுத்துக் கதைத்த என் தங்கை லோஜினிக்கு உளமார்ந்த நன்றி."