கீல் கப்பலுக்கு வாங்கிய சிவப்புக் கோட்டு

கசினோவுக்கு என்ன உடுத்துக்கொண்டு போவது என்று, விடுமுறைக்குக் கிளம்புகிற இளசுகள் இப்போதும் என்னைத்தான் கேட்கிறார்கள். என் பதில் மாறுவதில்லை. இஸ்திரி போட்டு மினுக்கிய சட்டை ஒன்று, காலை மூடின சப்பாத்து, கூடவே செத்தவீட்டுக்குப் போடக்கூடிய வெள்ளை உடுப்பு ஒரு சோடி. அந்தச் சோடியைக் கைப்பையில் வையுங்கள், காரில் விட்டுவிடாதீர்கள். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு நடக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒஸ்லோவுக்கு வந்து கோப்பை கழுவினேன், மீன் வெட்டினேன், பிறகு அடுத்தவனுடைய நிலத்தைத் துடைத்தேன். கடைசியில் சொந்தமாகத் துப்புரவு நிறுவனம் தொடங்கினேன். இந்த நகரத்தில் பாதிக் கண்ணாடிகள் பளபளப்பது என்னால்தான். (மற்றப் பாதியைப் போய்ப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.) இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்லத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

கதை 2003ஆம் ஆண்டுக் கோடையில் நடந்தது. அதற்குப் பதினான்கு மாதம் முன்னர் ஜெர்மனியில், ஹம்பேர்க்கில், என் அக்காவின் புருசன், அதாவது என் அத்தான், காலமானார். நான் போகவில்லை. அந்தக் கிழமைதான் பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றின் வேலை எங்கள் கைக்கு வந்திருந்தது. நான் பக்கத்தில் நிற்காவிட்டால் அந்தக் கட்டடம் இடிந்து விழுந்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. போகாததற்கு ஈடாக ஒரு மலர்வளையம் அனுப்பினேன். சின்னது இல்லை, வண்டிச் சில்லளவு. ரிப்பனில் என்ன எழுதுவது என்று பூக்கடைக்காரி தொலைபேசியில் கேட்டாள். எழுத்து விசயம் எனக்குச் சரிவராது. என் நிறுவனத்தின் விசிட்டிங் கார்டைத் தொலைநகலில் அனுப்பி, "இதில் உள்ளதைப் போடு" என்றேன்.

அவள் ஒன்றும் விடாமல் போட்டாள். நிறுவனத்தின் பெயர், "அலுவலகத் துப்புரவு, சன்னல் கழுவுதல்", கீழே தொலைபேசி எண். அத்தானின் சவப்பெட்டிக்குமேல் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அக்கா என்னோடு கதைக்கவில்லை. எனக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டார். என்னைக் குளிக்க வார்த்ததும் சோறு தந்ததும் அக்கா. என்னுடைய முதல் காற்சட்டையைத் தைத்ததும் அக்காதான். அந்த அக்கா, என் குரல் கேட்டதும் ரிசீவரை வைத்துவிடுவார்.

பதினான்கு மாதம் கழித்து அக்காவின் மகள் வதனி தொலைபேசி எடுத்தாள்.

"மாமா, அம்மா வரமாட்டன் எண்டுதான் நிண்டவா. நான் ஒருமாதிரிக் கதைச்சுச் சம்மதிக்க வைச்சிருக்கிறன். நீங்கள் கீலுக்கு வாற கப்பலிலை வாங்கோ. நான் அம்மாவைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு வாறன். ஆனால் மாமா, பகட்டில்லாமல் வாங்கோ. ஒரு வெள்ளைச் சட்டை போதும். இந்தமுறை விட்டால் பிறகு என்னாலை ஏலாது."

"ஓம் பிள்ளை. எனக்கு உதுகள் தெரியாதே" என்றேன்.

ஒஸ்லோவிலிருந்து ஜெர்மனியின் கீல் துறைமுகத்துக்கு ஒவ்வொரு நாளும் கப்பல் உண்டு. பகல் இரண்டு மணிக்கு வெளிக்கிட்டால் மறுநாள் காலை பத்துக்குக் கீல். அங்கே நான்கு மணித்தியாலம் நிற்கும், பிறகு திரும்பும். கோடை விடுமுறைக்கு எங்கள் சனம் பாதி அதில்தான் போய் வரும். அந்தக் கப்பலில் ஒரு கசினோவும் இருந்தது. நோர்வேயில் கசினோ நடத்தச் சட்டம் விடாது. ஒஸ்லோக்காரன் கசினோவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கடலுக்குத்தான் போகவேண்டும். நான் அதுவரை படத்தில் மட்டும் பார்த்திருந்தேன். அக்காவையும் பார்த்தமாதிரி, கசினோவையும் பார்த்தமாதிரி என்று என் மூளை கணக்குப் போட்டது. துக்கம் விசாரிக்கப் போகிற பயணத்தில் சூதாட்ட மேசைக்கும் இடம் ஒதுக்கிய மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் ஒரு பாகிஸ்தான்காரரின் கலியாண உடுப்புக்கடைக்குப் போனேன். கருஞ்சிவப்பாக, முந்திரிகைப் பழ நிற வெல்வெட் கோட்டு ஒன்று கண்ணாடிக்குள் தொங்கியது. கழுத்திலும் கையிலும் முழுக்கக் கண்ணாடிக் கல்.

"யாருக்குக் கலியாணம்? மகனுக்கா?" என்று கடைக்காரர் நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"கசினோவுக்கு" என்றேன்.

அவர் உடனே, திரும்பி வருகிற நாளுக்கு என்று தங்க நிறச் செர்வாணி ஒன்றையும் எடுத்து மேசையில் போட்டார். வியாபாரி என்றால் அவர்தான். இரண்டையும் வாங்கினேன். அதற்கு வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து, நெஞ்சில் சுருக்கு வைத்த சட்டை, கழுத்துக்கு ரப்பர் வைத்த போ டை. சட்டைக்கு மேலே தெரிகிறமாதிரி என் தடிச்ச சங்கிலி.

என்னோடும் என் மனிசி புவனாவோடும், பக்கத்து ஊரான திராமனிலிருந்து என் கூட்டாளி செபமாலையும் வந்தான். பஸ் ஓட்டுகிறவன், அந்தக் கப்பலில் ஏழெட்டுத் தரம் போனவன். என்னைத் துறைமுகத்தில் கண்டதும் ஒரு அடி பின்னுக்குப் போனான்.

"அண்ணை, உது கப்பல். அங்கை சனம் செருப்போடை திரியுது."

"செபமாலை, நீ பஸ் ஓட்டுறனி. கசினோவைப் பற்றி எனக்குச் சொல்லித் தராதை."

இதற்கிடையில் புவனா வெள்ளை உடுப்பைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். துக்கத்துக்கு உடுக்கிற உடுப்பும் சந்தோசத்துக்கு உடுக்கிற உடுப்பும் ஒரு பெட்டிக்குள் கிடக்கக்கூடாது என்பது அவளுடைய சட்டம். என் சட்டையையும் காற்சட்டையையும் தன்னுடைய வெள்ளைச் சேலையையும் ஒரு பைக்குள் போட்டு, காரின் பின் சீற்றுக்கு மேலே இருக்கிற கொளுக்கியில் கொழுவிவிட்டாள். நான் துறைமுகத் தரிப்பிடத்தில் காரை விட்டு, இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு, ராசா மாதிரி இறங்கினேன்.

கசினோ மாலை ஆறு மணிக்குத் திறந்தது. வெளியே வெயில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போனால், பள்ளிக்கூட வகுப்பறை அளவு இடம், நான்கைந்து மேசை. ஒருவன் உடற்பயிற்சிக் காற்சட்டையோடு நின்றான். இன்னொருவன் கம்பளிக் காலுறைக்கு மேல் செருப்புப் போட்டிருந்தான். நான் வாசலில் நின்றதும் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்த பெண்ணே கையை நிறுத்திவிட்டாள்.

மேசையில் கை வைத்தேன். அவள் மரியாதையாகச் சொன்னாள்: "மன்னிக்கவும், உங்கள் கோட்டுக் கையில் உள்ள கற்கள் துணியைக் கிழிக்கின்றன." பார்த்தால் பச்சைத் துணியில் மூன்று நூல் எழும்பி நின்றது. அதன் பிறகு மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கசினோவில் நான் விளையாடிய விளையாட்டு அவ்வளவுதான்.

அப்போது ஒரு நோர்வேஜியக் கிழவி கையில் சிவப்பு வைனோடு வந்தாள். "நீங்கள் எத்தனை மணிக்குப் பாடத் தொடங்குவீர்கள்?" என்று கேட்டாள். நான் பாடகன் இல்லை என்றேன். "அப்படியென்றால் மந்திர வித்தையா?" என்று என் கோட்டை ஆசையாகப் பிடித்து விரித்தாள். கப்பல் ஒருக்கால் சரிந்தது. வைன் முழுவதும் என் நெஞ்சில்.

செபமாலை மூலையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தோள் மட்டும் குலுங்கியது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கப்பல் அறைக்குள், "என்ரை வெள்ளை உடுப்பை எடும்" என்றேன்.

புவனா பெட்டியைத் திறந்தாள். மூடினாள். மற்றப் பெட்டியைத் திறந்தாள்.

"நீங்கள் எல்லே எடுத்திருக்கவேணும். காருக்கை கொழுவினனான் எண்டு சொன்னனான்."

"என்ரை ரண்டு கையிலையும் பெட்டி."

"ரண்டு பெட்டிக்குள்ளையும் உங்கடை கோட்டுத்தானே."

வைன் சட்டையைக் கைகழுவும் தொட்டியில் ஊறப் போட்டிருந்தேன். துப்புரவுத் தொழிலில் கறை எடுக்க என்னை மிஞ்ச ஆள் இல்லை. அந்தக் கறை ஒரு சாணிலிருந்து இரண்டு சாணாக வளர்ந்திருந்தது. செபமாலையின் சட்டையைப் போட்டுப் பார்த்தேன், பொத்தானும் ஓட்டையும் ஒன்றையொன்று தூரத்திலிருந்து பார்த்தன. கப்பல் கடையில் என் அளவுக்குக் கிடைத்தது ஒரு பனியன் மட்டும். அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட எல்க் மான் பல்லைக் காட்டியது. தங்கச் செர்வாணியைப் பற்றி நான் வாய் திறக்கவே, புவனா பார்த்த பார்வையில் மூடிவிட்டேன்.

ஈரச் சட்டையைப் போட்டு, அதன் கறை தெரியாமல் சிவப்புக் கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, பத்தரை மணிக்குக் கீலில் இறங்கினேன்.

அக்கா துறைமுகத்தில் நீட்டு மர வாங்கு ஒன்றில் இருந்தார். வெள்ளைச் சேலை, அதற்குமேல் சாம்பல் நிறச் சுவெட்டர். நான் மனதில் வைத்திருந்த அக்காவின் பாதிதான் அங்கே இருந்தது. வதனி என்னைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா, மாமா வந்திட்டார்."

அக்கா என் சப்பாத்திலிருந்து தொடங்கி மெல்ல மேலே வந்தார்.

"ஆர் இவர்?"

"அக்கா, நான்தான்."

"என்ரை தம்பிக்கு வேலை. அவனாலை வர ஏலாது. உம்மடை போன் நம்பர் எங்கை? முன்னுக்குக் காணேல்லை. முதுகைத் திருப்பும் பாப்பம், அங்கையோ எழுதியிருக்கு?"

பிறத்தியாரிடம் கதைக்கிறமாதிரி என்னை அக்கா வாழ்க்கையில் 'உம்மடை' என்று சொன்னதில்லை. கப்பலில் இருந்து இறங்கிய சனம் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோட்டோடு இன்னொரு நிமிடம் அவருக்கு முன்னால் நிற்க முடியாமல் கழற்றினேன்.

அக்காவின் முகம் மாறியது. எழுந்து வந்து என் நெஞ்சில் கையை வைத்தார்.

"என்னடா இது? ரத்தமே? ஒப்பரேசன் செய்தனியே? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"வைன் அக்கா."

"குடிச்சனியே?"

"இல்லை அக்கா. ஒருத்தி ஊத்திப்போட்டாள்."

"ஒருத்தியோ?"

"அது ஒரு கிழவி, மச்சாள். எண்பது வயசு வரும்" என்றாள் புவனா பின்னாலிருந்து.

அக்கா கையை எடுக்கவில்லை. ஈரம் அவருடைய விரலில் சிவப்பாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அந்த மனிசன் கடைசிக் கிழமை முழுக்க உன்னைத்தான் கேட்டது. தம்பி வந்திட்டானோ, தம்பி வந்திட்டானோ எண்டு. வருவான், வந்துகொண்டிருக்கிறான் எண்டு நான் பொய் சொல்லிக்கொண்டு இருந்தனான். கடைசியிலை வந்தது உன்ரை நம்பர்."

பிறகு அழுதார். வீட்டில் ஆட்களுக்கு முன்னால் அழுகிறமாதிரிச் சத்தம் வைத்து, அத்தானின் பெயரைச் சொல்லி, அந்தத் துறைமுகத்தில் அழுதார். நான் வாங்கில் பக்கத்தில் இருந்து நிலத்தைப் பார்த்தேன். நான் ஆயிரம் வாசல்களைத் துடைத்தவன். அந்த வாங்குக்குக் கீழே கிடந்த சிகரெட் அடிக்கட்டைகள் பதினேழு. வேறு எதையும் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

கடல் காற்றில் ஈரச் சட்டையோடு எனக்குப் பல் அடித்தது. அக்கா அழுகையை நிறுத்தாமலே கோட்டை எடுத்து என் தோளில் போட்டார். "குளிருது. போடு." கோட்டுக் கையிலிருந்த கற்கள் அவருடைய சுவெட்டரில் கொழுவிக்கொண்டன. வதனி வந்து ஒவ்வொரு நூலாகக் கழற்றிவிட்டாள். அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மன்னித்தேன் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கப்பலுக்குக் கூப்பிடும்வரை அத்தானின் கடைசி நாட்களை ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் கேட்டேன். துக்கம் விசாரித்த இடத்தில் 'போயிட்டு வாறன்' என்று சொல்லிக்கொண்டு போவது எங்களில் வழக்கமில்லை. பேசாமல் எழும்பி நடந்தேன். பத்தடி போயிருப்பேன்.

"டேய் தம்பி."

திரும்பினேன்.

"நான் போனால் மாலை அனுப்பிப்போடாதை. அந்தக் கோட்டோடை வா. நீ வந்தது எனக்குத் தூரத்திலையே தெரியவேணும்."

திரும்பும் பயணத்தில் கசினோப் பக்கம் போகவில்லை. செர்வாணியை அதன்பிறகு செபமாலையின் மகன் தன் கலியாணத்துக்குப் போட்டான். ஒஸ்லோவில் காரைத் திறந்தபோது வெள்ளை உடுப்பு, மடிப்புக் குலையாமல், கொளுக்கியில் எங்களைப் பார்த்துக்கொண்டு தொங்கியது.

அக்கா அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்தார். எடுத்ததும் முதல் கேள்வி, "துப்புரவுக் கொம்பனியே?" என்பதுதான். எங்கள் குடும்பத்தில் யாராவது கொஞ்சம் பகட்டாக உடுத்துக்கொண்டு வந்தால் போதும், சின்னப் பிள்ளைகூட "முதுகைத் திருப்புங்கோ, நம்பரைப் பாப்பம்" என்று சொல்லும். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு மருமக்கள் சேர்ந்து, முதுகில் என் தொலைபேசி எண் அடித்த பனியன் ஒன்று தந்தார்கள். போட்டேன். அளவு சரியாக இருந்தது.

அந்தக் கப்பல் பயணம் முடிந்து ஐந்து வருடம் கழித்து வதனி தொலைபேசி எடுத்து, "அம்மா போயிட்டா மாமா" என்றாள். முதல் விமானத்தில் போனேன். மலர்வளையம் அனுப்பவில்லை. அந்த மண்டபம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையும். நடுவால் நான் முந்திரிகை நிற வெல்வெட்டோடு நடந்து போக, என்னை அறியாத சனம் குசுகுசுத்தது. அக்காவின் பெட்டியடியில் நின்ற வதனி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், மற்றவர்களுக்குக் கேட்காமல், அவளுடைய அம்மாவின் அதே குரலில் சொன்னாள்:

"மாமா, முதுகைத் திருப்புங்கோ பாப்பம்."

பெட்டிக்கு நேரே நின்று, மெல்லத் திரும்பிக் காட்டினேன்.